ஏழாவது வரி

திங்கள் வந்த வண்டி
அடுத்த திங்கள்தான் வந்தது.
நடுவில் ஐப்பசி மழை.
வஞ்சிரத் தலை, நாப்கின், ஊசிப்போன சாம்பார்,
பாண்டியிலிருந்து இடுப்பில் கடந்துவந்த
குவார்ட்டர் பாட்டில்கள்,
எல்லாம் செக்கடித் தெரு முனையில்
குவைத்காரர் காலிமனையில்
ஒரே குடும்பமாகக் கிடந்தன.

ஒப்பந்தக்காரர் ஆளைக் குறைத்தாராம்,
மாநகராட்சி ஒப்பந்தத்தைக் குறைத்ததாம்,
அதற்கு மேலே யார் எதைக் குறைத்தார்களோ.
குப்பைக்கு மட்டும் தகவல் போகவில்லை.

என் ஜெராக்ஸ் கடையில் கூட்டம் போட்டார்கள்,
ஃபேன் இருக்கிறது என்பதால்.
வீட்டுக்கு அறுபது, மாதம் பிறந்தால்.
வேலை போன பதினோரு பேரில் ஒருத்தி,
வண்ணாரப்பாளையம் அஞ்சலாட்சி,
தண்டல் வாங்கி
மூன்றுசக்கர வண்டி எடுத்திருக்கிறாள்.
சில்லறை புழங்குகிற கை என்று
நோட்டு என்னிடம் வந்தது.

மாடியில் குடியிருப்பவர் ஓனரைக் கேள் என்றார்.
ஓனர், போடுவது அவர்தானே என்றார்.
எங்கள் வீட்டில் குப்பையே சேராது
என்றது ஒரு வீடு.
(உங்கள் சர்க்கரை மாத்திரை அட்டை
நாய் வாயில் என் கடைக்கு வருகிறது.
சொல்லவில்லை.)

பதினேழாம் எண். கே. சாமி.
கருவூலத்தில் ஓய்வு பெற்றவர்.
கதவைத் திறந்ததும் சொத்துவரி ரசீதை நீட்டினார்.
விரல் நின்ற இடம் ஏழாவது வரி,
திடக்கழிவு மேலாண்மை.
"இந்த வரிக்கு வரி கட்டியாச்சும்மா.
எதுக்கு இன்னொரு வாட்டி?
இன்னிக்கு குப்பைக்கு அறுபது,
நாளைக்குத் தெருவிளக்குக்கு நூறு.
அப்புறம் அந்தக் கட்டடம் எதுக்கு?"
எனக்குப் பதில் தெரியவில்லை.
இப்போதும் தெரியவில்லை.

ஆனால் ஒன்று தெரியும்.
இந்தத் தெருவின் முழுப்பெயர்கள் எல்லாம்
என் கண்ணாடி மேல்
குப்புறப் படுத்து எழுந்தவை.
பலகையில் கே. சாமி.
ரேஷன் கார்டில் குப்புசாமி.
மூத்தது இரண்டும் தங்காமல்
மூன்றாவதைக் குப்பைமேட்டில் புரட்டி
ஒரு முறம் தவிட்டுக்கு விற்று வாங்கியவர்கள்
வைக்கிற பெயர்.

அந்தத் தவிட்டுக்கு யார் கொடுத்தது காசு?
வாய் வரை வந்தது.
விழுங்கிவிட்டேன்.
அவர் கேள்விக்கு அது பதில் இல்லை.

அஞ்சலாட்சி ஏழரைக்கு வருகிறாள்.
முப்பத்து நாலு வீட்டில் கொடுப்பது இருபத்தொன்று.
பதினேழின் பையையும் தூக்கிப் போட்டாள்.
"அவங்க குடுக்கலியே."
"வுட்டா நாய் இழுக்கும்.
அப்புறமும் நான்தான அள்ளணும்?"
உங்க தெருவுல யாரு எடுக்கறாங்க என்றேன்.
"கெடிலம் இருக்குதேக்கா" என்று சிரித்தாள்,
கையுறையைப் பாவாடையில் துடைத்தபடி.
வலது கைக்கு மட்டும்தான் உறை.

மாதக் கடைசியில் சாமி கடைக்கு வந்தார்.
ஆணையருக்கு மனு. ஐந்து காப்பி.
குறைத்த ஆட்களைத் திரும்ப எடுக்க வேண்டும்,
தினம் வண்டி வர வேண்டும்,
இணைப்பு: ரசீது.
ஏழாவது வரியின் கீழ் சிவப்புக் கோடு
என் மெஷினில் சாம்பலாக விழுந்தது.
கையெழுத்து முழுதாக இருந்தது,
மு. குப்புசாமி.
"நீயும் ஒண்ணு போடும்மா."
போட்டேன்.
காப்பிக்குப் பத்து ரூபாய் எண்ணி வைத்தார்,
குடையை விரித்துப் போனார்.
நோட்டில் பதினேழுக்கு நேரே காலி.

முதல் காப்பி மங்கல்.
கசக்கிக் கூடையில் போட்டிருந்தேன்.
நாளை ஏழரைக்கு
அது அஞ்சலாட்சியிடம் போகும்.